ஏழாயிரம்பண்ணை ரோட்டில் ஒரு ஸ்பெயின் சைக்கிள்

இந்தக் காலத்தில் ரோட்டில் ஒருத்தன் மண்டை உடைந்து கிடந்தால் ஜனங்கள் கையில் முதலில் வருவது செல்போன். படம் எடுக்கிறான். எடுத்ததைப் பக்கத்தில் நிற்பவனிடம் காட்டுகிறான். அவன், "இன்னுங் கொஞ்சம் கிட்டப் போயி எடுத்திருக்கலாம்" என்கிறான். மூக்கில் விரல் வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒருத்தனுக்கும் தோன்றாது. தப்பித் தவறி எவனாவது தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

சங்கிலிமுத்துவை அப்படித்தான் வைத்தார்கள்.

நடந்தது 2007 மார்ச்சில். சங்கிலிமுத்து, பட்டாசு ஷெட்டுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் டிரைவர். செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, வெம்பக்கோட்டை தாண்டி ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் ரோட்டோரத்தில் ஒரு வெள்ளைக்காரன் ரத்தத்தில் கிடந்தான். பக்கத்தில் அவனுடைய ரேஸ் சைக்கிள். சங்கிலிமுத்து வேனில் இருந்த பெண்களை அங்கேயே இறக்கிவிட்டான். வெள்ளைக்காரனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சிவகாசிக்குப் பறந்தான். பாதி வழியிலேயே ஆள் முடிந்துபோனான். மத்தியானம் சங்கிலிமுத்து கையில் விலங்கு.

செத்தவன் ஸ்பெயின் தேசத்து ஆள். சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் அவனுடைய புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்தது. கலர் சரியாக விழுகிறதா என்று பார்க்க வந்தவன். பாஸ்போர்ட்டில் பெயர் வாயில் நுழையாத மாதிரி இருந்ததால் எல்லாரும் சேவியர் என்றே கூப்பிட்டார்கள். விமானத்தில் வரும்போதே சைக்கிளையும் பெட்டி கட்டிக் கொண்டுவந்து, தினமும் விடிந்ததும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வருவான். எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

என் பெயர் பெத்தணன். படிப்பு நாலாவது. ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டில் நின்று, உள்ளே போகிற ஆட்களைத் தடவிப் பார்ப்பதுதான் முப்பத்தோரு வருசம் என் வேலை. பீடியைக் கோவணத்தில் ஒளிப்பவன், தீக்குச்சியைக் காதோரம் செருகுபவன், சாமி படத்துக்குப் பின்னால் லைட்டர் வைப்பவன், அத்தனை பேரையும் பார்த்தாயிற்று. இந்த வேலை பார்த்தவன் பெற்ற தாயையும் நம்ப மாட்டான். அதனாலேயே, போலீசில் தீராத வில்லங்கத்துக்கு ஜனங்கள் என்னிடம் வருகிறார்கள்.

வியாழக்கிழமை காலையில் சங்கிலிமுத்துவின் பெண்சாதி மாடத்தி வந்தாள். அவளும் பட்டாசுக்காரிதான். அவன் வேனில்தான் வேலைக்குப் போகிறவள்.

"பெரியப்பா, அவுகள அடிச்சே கொன்றுவாக. நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறதுக்குள்ள கையெழுத்து வாங்கணுமாம்."

"ஒம் புருசன் மோதுனானா?"

"சத்தியமா இல்ல."

"எல்லாரும் மொதல்ல அதத்தான் சொல்லுவாக."

"நானும் அந்த வேன்லதான் இருந்தேன். நாங்க வாறப்பவே கெடந்தாரு. மத்தவளுக போலீசுன்னா வாயத் தெறக்க மாட்டேங்காளுக."

"பொண்டாட்டி சொல்லுறத எவன் கேப்பான்? போ. பாக்குறேன்."

அவள் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

*

என் கூடவே திரிகிறவன் உதுமான். சிவகாசியில் சைக்கிள் கடை. அவனுக்கு வயது ஐம்பது. அவன் வாய்க்குப் பதினெட்டு. அவனுடைய டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் உட்கார்ந்து ஸ்டேஷனுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டருக்கு என்னைத் தெரியும். இரண்டு திருட்டுக் கேஸை நான் முடித்துக் கொடுத்திருக்கிறேன். பேப்பரில் அவர் படம் வந்தது.

சங்கிலிமுத்து சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தான். உள்ளங்கால் இரண்டும் வீங்கி, தோல் பிளந்து நீர் வடிந்தது. கீழுதட்டில் அவன் பல்லே இறங்கிய ஓட்டை. வலது கைக் கட்டைவிரலில் நகம் இல்லை.

"மோதுனியாலே?" என்றேன்.

"இல்ல பெரியப்பா."

"மொத நாள் நீ அவன் சட்டையப் பிடிச்சதா ஊரே பேசுதே?"

"அது நெசம். வளைவுல நின்னு நோட்டுல எதையோ எழுதிக்கிட்டு, எங்களப் படம் எடுத்தான். பொம்பளையாளுக பூராப் பேரும் முந்தானைய வச்சு மூஞ்சிய மூடிக்கிட்டாக. எறங்கிப் போயி சட்டையப் பிடிச்சேன். அம்புட்டுதான்."

எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம். வெளிநாட்டுக்காரன் கேமராவோடு ஷெட்டுப் பக்கம் வந்தால், பத்தாம் நாள் ஆபீசர் ஜீப் வரும், கதவில் சீல் விழும் என்பது இங்கே எல்லாருடைய பயம். லைசென்ஸ் இல்லாத ஷெட்டுக்காரன் வெள்ளைக்காரனைக் கண்டாலே கதவைப் பூட்டிவிட்டு ஓடுவான்.

இன்ஸ்பெக்டர் மேஜையில் லத்தியால் தட்டினார். "பெரியவரே, டெல்லியில இருந்து ஃபோன் மேல ஃபோன். வேன்ல ரத்தம் இருக்கு. மொத நாள் தகராறு இருக்கு. பார்த்த சாட்சியும் இருக்கு. அந்த ரோட்டுல ராக்கப்பன்னு ஒருத்தன் டீக்கடை வச்சிருக்கான். சைக்கிளுக்குப் பஞ்சரும் ஒட்டுவான். ஆறேகாலுக்கு வெள்ளைக்காரன் அவன் கடைக்கு வந்திருக்கான். பின் டயர்ல காத்து இல்ல. ராக்கப்பன் இருபது அடி காத்தடிச்சு விட்டிருக்கான். வெள்ளைக்காரன் கெளம்புன பின்னாலேயே இவன் வேன் போச்சு. வேற என்ன வேணும்?"

"செத்தவங்கிட்ட நோட்டும் கேமராவும் இருந்துச்சாம்லா. அது எங்க?"

"ரோட்டுல கெடந்தத எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பான். நம்ம ஜனத்தப் பத்தித் தெரியாதா?"

அது மட்டும் நியாயமான பேச்சு.

வெளியே வந்தோம். உதுமான் வண்டியை எடுக்காமல் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணாச்சி, ராக்கப்பன் பொய் சொல்லுதான்."

"எப்படிச் சொல்லுதே?"

"வாயால சொன்னா நம்ப மாட்டீக. நீங்க என்னைக்கு எதை நம்புனீக? கண்ணால பாருங்க. என் கடையில ஒரு சாமான் கெடக்கு. எடுத்துக்கிட்டுப் போவோம்."

அந்தச் சாமான் ஒரு சக்கரம். சேவியர் தன்னிடம் இருந்த இரண்டாவது பின்சக்கரத்தைக் கோட்டம் எடுக்கச் சொல்லிப் போன வாரம் உதுமானிடம் கொடுத்திருந்தான். கம்பிகள் மயிரிழை மாதிரி. டயர் என் கட்டைவிரல் தடிமன்தான். மொத்தச் சக்கரத்தையும் சுண்டுவிரலில் தூக்கலாம்.

அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

"மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி இருக்கீக அண்ணாச்சி. பொண்ணுதான் கெடைக்காது."

"ஓட்டுலே."

*

போகிற வழியில் அச்சாபீசில் இறங்கினேன். ஒருத்தனை எதற்குக் கொன்றார்கள் என்று கண்டுபிடிக்க, முதலில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று தெரிய வேண்டும். மெஷின் சூப்பர்வைசர் கதிரவன், சேவியரின் புத்தகத் தாள்களை எடுத்து மேஜையில் விரித்தான்.

முதலில் நம்ம ஊர்ப்பக்கம் என்றுதான் நினைத்தேன். காய்ந்த செம்மண் காடு. அதற்கு நடுவே ஆள் அரவமில்லாத ஒற்றை ரோடு. குட்டை குட்டையாக ஏதோ மரம், வரிசை பிடித்து நட்டது. ஆட்டு மந்தை. மேட்டில் வெள்ளைச் சுவர் வீடுகளும் ஒரு மாதா கோவில் கோபுரமும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் ஒரு கோடு.

"இது என்னது?"

"ரோடு எங்க ஏறுது, எங்க எறங்குதுன்னு காட்டுற கோடு அய்யா. ஸ்பெயின்ல கிராமத்து ரோடு பூரா இப்படிச் சைக்கிள்ல சுத்துறதுக்குன்னு ஆளுக இருக்காங்க. அவங்களுக்கான புஸ்தகம். மொத்தம் நாப்பது ரோடு. நாப்பதையும் சேவியரே மிதிச்சு எழுதுனது."

"மலையிலயும் ஏறுவாகளா?"

"மலையிருந்தாத்தான் போவாங்க."

"கூலி குடுப்பாகளோ?" என்றான் உதுமான்.

"கூலி ஏது? அவங்கதான் செலவு பண்ணிப் போறாங்க."

"அல்லா! எங்க ஊர்ல மேட்டக் கண்டா எறங்கித் தள்ளுவோமே, நாங்கதான் புத்திசாலி போலருக்கு."

ரோட்டுப் படத்தில் நீலப் புள்ளிகள் இருந்தன. கேட்டேன்.

"தண்ணிக் குழா இருக்குற எடம், காப்பிக் கடை, நெழல் மரம், நாய் தொரத்துற எடம். ஒண்ணொண்ணுக்கும் ஒரு புள்ளி. பக்கத்துல எத்தனாவது கிலோமீட்டர்னு நம்பர். இங்கயும் சும்மா இருக்கல அய்யா. ஏழாயிரம்பண்ணை ரோட்டையும் அதே மாதிரி நோட்டுல வரைஞ்சுக்கிட்டிருந்தாரு. மஞ்சத் தாளு, கட்டம் போட்டது, நல்ல தடிமன். நீலப் பென்சில். நம்ம ஊரையும் ஒரு பக்கம் போடுவேன்னு சொன்னாரு."

உதுமான் சொன்னான், "நம்ம ரோட்டுக்கு நாய்ப் புள்ளி வச்சே அந்தப் பென்சில் தேஞ்சிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஷெட்டுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். ஒரு வெள்ளைக்காரன் வளைவுக்கு வளைவு நின்று புள்ளி வைத்து நம்பர் எழுதினால், அங்கே இருப்பவன் அதை என்னவென்று எடுத்துக்கொள்வான்? தண்ணீர்க் குழாய் என்றா?

*

ராக்கப்பன் கடை, ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் தகரக் கூரை. முன்னால் அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. பின்னால் கருவேலங்காட்டுக்குள் ஒரு வண்டிப் பாதை போனது. லாரிக்காரர்கள் மூன்று பேர் நின்று டீ குடித்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி. டீயா, பாலா?"

"காத்து," என்றேன்.

"என்னது?"

"காத்தடிக்கணும். செவ்வாக்கெழம வெள்ளைக்காரனுக்கு அடிச்சியே, அதே இருபது அடி. இது அவன் வீலுதான்."

அவன் கண் ஒரு தடவை பின்னால் இருந்த பாதைக்குப் போய்த் திரும்பியது. லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. பம்பை எடுத்து வந்தான். சக்கரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒல்லி வால்வில் பம்புக் குழாயை மாட்டினான். அடித்தான்.

உதுமான் உரக்க எண்ணினான். பத்து. இருபது. டயர் செத்த பாம்பு மாதிரி அப்படியே கிடந்தது. ராக்கப்பன் குழாயைக் கழற்றித் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தான். காற்று வந்தது. மறுபடி மாட்டி அடித்தான். முப்பது. நாற்பது. அவன் நெற்றி வேர்வை டயர் மேல் சொட்டியது.

"பாங்கு சொல்ற நேரமாச்சு. போதும்," என்று உதுமான் குனிந்தான். வால்வின் உச்சியில் மிளகு அளவுக்கு ஒரு குட்டி நட்டு இருந்தது. அதை இரண்டு நகத்தால் பிடித்துத் திருகித் தளர்த்தி, விரலால் ஒரு அழுத்து அழுத்தினான். புஸ் என்றது. பம்பை மாட்டி எட்டு அடி அடித்தான். டயர் கல் மாதிரி ஆயிற்று.

"போன வாரம் நானும் என் கடையில இப்படித்தான் முட்டாப்பய மாதிரி அடிச்சேன். சேவியர் சிரிச்சுட்டு இந்த நட்டைத் தெறந்து காட்டுனான். முப்பது வருசமா சைக்கிளோட கெடக்கேன், எனக்கே தெரியல. நீ எப்படிலே செவ்வாக்கெழம அடிச்சே?"

"அவரு... அவரே தெறந்து குடுத்தாரு."

"தெறந்ததப் பாத்தவன் இப்ப அந்த நட்டைத் தேடிருப்பான்," என்றேன். "நீ பம்பு கெட்டுப்போச்சான்னு பாத்தே. அவன் ஒங் கடையில நின்னதுக்கு நீயா ஒரு காரணம் சொல்லணும்னு நெனச்சே. கூட ஒரு பொய்ய எடுத்து வச்சிட்டே."

டயர் கழற்றும் இரும்பு அவன் கைக்கு எப்போது வந்தது என்று நான் பார்க்கவில்லை. என் தோள்பட்டையில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த அடி தலைக்கு வந்தது. விலகினேன். அது அடுப்பில் விழுந்து, பால் சட்டி கவிழ்ந்தது. கொதித்த பால் அவன் இரண்டு காலிலும் ஓடியது. அலறிக்கொண்டு பாதைப் பக்கம் ஓடப் பார்த்தான். உதுமான் பம்பைத் தூக்கி வாயோடு சேர்த்து ஒரு வீசு வீசினான். பல் இரண்டு மண்ணில் விழுந்தது.

லாரிக்காரர்களில் ஒருத்தன் செல்போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் இடது கையால் ஒன்று கொடுத்தேன். போனை உள்ளே வைத்தான்.

ராக்கப்பன் நெஞ்சில் முழங்காலை வைத்து உட்கார்ந்தேன். "சொல்லு."

"பலவேசம் அண்ணாச்சி." ரத்தமும் எச்சிலுமாகப் பேசினான். "அந்தப் பாதையில உள்ள ஷெட்டு அவருதுதான். அந்த வெள்ளைக்காரன் தெனமும் எங்கிட்ட டீ குடிப்பான். செவ்வாக்கெழம அண்ணாச்சியும் ரெண்டு பேரும் அவன இங்கிருந்து பாதையில பத்தடி உள்ள இழுத்துட்டுப் போனாக. கம்பியால அடிச்சாக. நோட்டைத் தெறந்து, இந்தப் புள்ளி என்னடா, இந்தப் புள்ளி என்னடான்னு கேட்டுக் கேட்டு அடிச்சாக. அவன் ஒரு புள்ளியத் தொட்டு என் கடையக் கையக் காட்டுனான். நீதான் காட்டிக்குடுத்தியான்னு எனக்கும் ஒரு அறை விழுந்துச்சு. அப்புறம் தலையில ஒண்ணு போட்டாக. ரோட்டுல கொண்டாந்து போட்டாக. மூச்சு இருந்துச்சு அண்ணாச்சி. வண்டி ஏறி செத்ததா இருக்கட்டும்னு போட்டாக."

"நீ டீ ஆத்திக்கிட்டு இருந்தே?"

அவன் அழுதான்.

சேவியர் வைத்த புள்ளி இந்த டீக்கடைதான். அதைச் சொல்ல அவனுக்குப் பாஷை இல்லை.

உதுமான் பழைய ட்யூபுகளால் ராக்கப்பனைப் புளியமரத்தோடு கட்டினான். "எட்டு ட்யூப் போச்சு. இவன் அம்புட்டுப் பெறுவானா?" ஒரு லாரிக்காரனை இன்ஸ்பெக்டருக்குப் போன் போடச் சொல்லிவிட்டுப் பாதைக்குள் நடந்தோம்.

"போலீஸ் வரட்டுமே அண்ணாச்சி. தோளு தொங்குது."

"நோட்டு கெடைக்கலைன்னா ராக்கப்பன் நாளைக்கே பேச்ச மாத்துவான்."

"இன்னேரம் எரிச்சிருப்பானுக."

"எங்க வச்சு எரிப்பான்? சுத்திலும் வெடி மருந்து. ஷெட்டுக்காரன் கை தீக்குச்சி கிட்டப் போகாது. வீட்டுக்குக் கொண்டு போனா வழியில எவனாவது பாப்பான். இங்கனதான் இருக்கும்."

*

பலவேசத்தின் இடத்தில் மூன்று ஷெட்டுகள். லைசென்ஸும் இல்லை, போர்டும் இல்லை. தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து வெடிக்குக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய பேப்பரை வெட்டி, பசை தடவி, கம்பியில் சுற்றி உருட்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததைத் தகர வளையத்துக்குள் நெருக்கி நிறுத்தி வைப்பார்கள். அப்புறம்தான் மருந்து போகும். பள்ளிக்கூட நோட்டு, பரீட்சைப் பேப்பர், கல்யாணப் பத்திரிகை, எடைக்கு வந்த எதுவானாலும் இங்கே வெடிக்குச் சட்டையாகிவிடும். பேப்பரைத் தூரப் போடுவது என்கிற பழக்கமே இந்தச் சீமையில் கிடையாது.

அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது. வரிசையாக இருந்த வளையங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் செய்தித்தாள் நிறம். ஒரே ஒரு வளையத்தில் மட்டும் ஓரமாக ஐம்பது அறுபது குழாய்கள் மஞ்சள். ஒன்றை உருவிப் பல்லால் கிழித்துப் பிரித்தேன். கட்டம் போட்ட தடித்த தாள். நீலப் பென்சில் கோடு ஒன்று ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. கோட்டின் மேல் புள்ளி. பக்கத்தில் நம்பர்.

"உதுமானு, ஸ்பெயின்காரன் எழுத்துதானே?"

"அவனேதான்."

ஒவ்வொரு வளையத்திலும் உருட்டியவள் யாரென்று தெரிய ஒரு நூல் கட்டியிருந்தது. இதில் சிவப்பு. பக்கத்தில் இருந்த கிழவியிடம், அவள் பெயர் செல்லக்கனி, "இது யாரு வளையம்?" என்றேன்.

"மாடத்தியுது. செவ்வாக்கெழம உருட்டுனா. புருசனப் பிடிச்சுட்டுப் போனதுலருந்து வேலைக்கு வரல, பாவம்."

உதுமான் என்னைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை ஆறே முக்காலுக்கு ரத்தத்தில் கிடந்தவனைப் பார்த்துவிட்டு இங்கே நடந்து வந்தவள், அவனுடைய நோட்டை உட்கார்ந்து உருட்டியிருக்கிறாள்.

"எவன்டா அவன், வளையத்துல கைய வைக்கிறது?"

பலவேசம் கடைசி ஷெட்டிலிருந்து வந்தான். தடித்த ஆள். பின்னால் இரண்டு பேர். அவன் கையில் கடப்பாரை. மூன்று பேருக்கும் முட்டி வரை அலுமினியத் தூள், வெள்ளி பூசின மாதிரி.

"சேவியரோட நோட்டு," என்று தாளைக் காட்டினேன்.

அவன் கண்ணைக் காட்டினான். அவன் ஆள் ஒருத்தன் உதுமானை மார்பில் உதைத்துத் தள்ளினான். இன்னொருத்தன் என் உடைந்த தோளைப் பிடித்து முறுக்கினான். கண் இருட்டியது. அவன் மணிக்கட்டைப் பல்லால் கவ்வினேன். சதை பெயரும் வரை விடவில்லை. அவன் கையை உதறிக்கொண்டு போனதும் பலவேசம் கடப்பாரையை ஓங்கினான். நான் பின்வாங்கிப் பின்வாங்கி ஷெட்டு வாசற்படிக்கு வந்துவிட்டேன். உள்ளே தரையெல்லாம் கலவை சிந்திக் கிடந்தது.

"பலவேசம், இரும்ப உள்ள கொண்டு வராதலே!" என்று கத்தினேன்.

மருந்து ஷெட்டுக்குள் இரும்பு ஆகாது. சின்னக் கரண்டியானாலும் பித்தளைதான் வைப்பார்கள். முதல் நாள் வேலைக்கு வருகிறவளுக்கும் இதைச் சொல்லித்தான் உள்ளே விடுவோம். பத்து வருசம் ஷெட்டு நடத்தியவனுக்குக் கோபத்தில் மறந்துபோயிற்று. அவன் வீசிய வீச்சுக்கு நான் படிக்கு வெளியே விழுந்தேன். கடப்பாரை கல் தரையில் மோதியது. ஒரு பொறிதான்.

வெளிச்சம் முதலில் வந்தது. சத்தம் பிறகு. கூரைத் தகரம் வேப்பமரத்துக்கு மேலே போனது. பெண்கள் செருப்பை விட்டுவிட்டுக் காட்டுக்குள் சிதறி ஓடினார்கள். பலவேசம் எரிந்துகொண்டே வெளியே வந்தான். நாலு எட்டு நடந்து முழங்காலில் விழுந்தான். முகத்தில் எது கண், எது வாய் என்று தெரியவில்லை. உதுமான் சாக்கை நனைத்து அவன் மேல் போட்டான். கூட இருந்த இரண்டு பேரும் மக்காச்சோளக் காட்டுக்குள் ஓடி மறைந்தார்கள். மறுநாள் இரண்டு பேரும் பிடிபட்டார்கள்.

"அண்ணாச்சி, எனக்குப் புருவம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"போதும். அத வச்சு ஒப்பேத்திக்கிடுதேன்."

போலீஸ் ஜீப் வந்து ஏற்றும்போதும் பலவேசத்துக்கு உயிர் இருந்தது. நான் அவன் காதருகே குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வெள்ளைக்காரன் கணக்கெடுக்கிறான் என்று உனக்கு யார் சொன்னது?

கரிந்த வாய் அசைந்தது. "நீ கைய வச்சியே... அந்த வளையத்துக்காரி... அவதான்."

இன்ஸ்பெக்டரிடம் மஞ்சள் குழாய்களைக் கொடுத்தேன். கேமரா, பலவேசத்தின் வண்டி சீட்டுக்கு அடியில் கிடைத்தது. குழாய்களை உருட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கிலிமுத்துவை வெளியே விட்டார்கள். கையெழுத்துப் போடாமலேயே தாக்குப் பிடித்துவிட்டான். பாதத்தைத் தரையில் வைக்க முடியவில்லை. உதுமான் அவனை முதுகில் சுமந்து கொண்டுபோய் எதிரே நின்ற ஆட்டோவில் உட்காரவைத்தான்.

மாடத்தி என் காலில் விழ வந்தாள். நான் நகர்ந்துகொண்டேன்.

"பலவேசம் ஆஸ்பத்திரியில செத்துட்டான். சாகுறதுக்கு முன்னால பேசுனான்," என்றேன்.

அவள் முகம் ஒரு நொடியில் கிழடாகிப்போனது.

"நாஞ் சொன்னது நெசந்தான் பெரியப்பா. திங்கக்கெழம சாயந்தரம் சொன்னேன். வெள்ளைக்காரன் ஒவ்வொரு வளைவுலயும் நின்னு எழுதுதான், எங்களப் படம் பிடிச்சான்னு. மெரட்டி அனுப்புவாகன்னு நெனச்சேன். ஷெட்டுக்கு சீல் வச்சுட்டா நாங்க எங்க போறது?"

"மறுநாள் அவன ரோட்டுல பாத்தே. பாத்துட்டு வந்து அவன் நோட்டை உருட்டுனே."

"பேப்பர் கட்டோட கட்டா வந்துச்சு. எனக்கு எழுத்துத் தெரியுமா? கைக்கு வந்தத உருட்டுனேன்."

"எனக்கும் அந்தத் தேசத்து எழுத்துத் தெரியாது. மஞ்சத் தாளு தெரியும்."

அவள் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "பாதி உருட்டும்போது வெளங்கிச்சு. பலவேசம் அண்ணாச்சி பக்கத்துலயே நின்னாரு. உருட்டுன்னாரு. உருட்டுனேன். மத்தியானம் இவுகளப் பிடிச்சுட்டாகன்னு சேதி வந்துச்சு. நாஞ் சொன்னா அவன் என்னைய விட மாட்டான். சொல்லலைன்னா இவுக தூக்குக்குப் போவாக. ரெண்டு நாள் யோசிச்சுட்டுத்தான் ஒங்ககிட்ட வந்தேன். நீங்களாக் கண்டுபிடிப்பீகன்னு."

"ரெண்டு நாள்," என்றேன். "அந்த ரெண்டு நாள்லதான் ஒம் புருசன் காலு போச்சு."

"பெரியப்பா, எம்மேல குத்தம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. ஒங்க வாயால. அது போதும்."

ஆட்டோவிலிருந்து சங்கிலிமுத்து கூப்பிட்டான். "ஏ மாடத்தி, பெரியப்பாவுக்கு ஒரு சோடா வாங்கிக் குடு. அவுக இல்லைன்னா நான் இல்ல."

அவள் சோடாக் கடைப் பக்கம் போகவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மையாக இருக்கலாம். பாதி உருட்டும்போதுதான் விளங்கியிருக்கலாம். முதல் தாளிலேயே விளங்கியும் இருக்கலாம். மிரட்டச் சொன்னாளோ, அடிக்கச் சொன்னாளோ, சொன்னதைக் கேட்டவன் இப்போது இல்லை.

"வேணாம். எனக்குச் சோடா ஒத்துக்கிடாது," என்று சங்கிலிமுத்துவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கட்டுப் போட்டுத் தொங்கும் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.

உதுமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான். "அவ சொன்னத நம்புறீகளா அண்ணாச்சி?"

"நீ நம்புறியா?"

"நான் நம்புறேன். பாவம்."

"அப்ப நீ அவகிட்டப் போயிச் சொல்லு," என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.